விதை உறைகளோடு திருநெல்வேலியில்

ஜனவரி 23, வியாழன்

மண்டபம் கைவிட்டுப் போய்விட்டது. சனிக்கிழமை கூடுவதற்காகப் பொங்கலுக்கு முன்பே முன்பணம் கட்டிவைத்த சிறிய கூடம் அது. ஜங்ஷன் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். இன்று மாலை திருச்சி பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அங்கே போனால், அதே நாளை ஒரு சடங்கு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்களாம். பொறுப்பாளர் முன்பணத்தை எண்ணிக் கையில் வைத்தார். "அவர்கள் சொந்தபந்தம் நூறு பேர் வருகிறார்கள். நீங்கள் பதினேழு பேர்தானே, எங்கேயாவது உட்கார்ந்துகொள்ளலாமே" என்றார். இதை எழுதும்போதும் அந்தக் கோபம் ஆறவில்லை. அந்த நூறு பேரும் ஒருவரையொருவர் பிறந்ததிலிருந்து அறிந்தவர்கள். தெருவில் பந்தல் போட்டாலும் பேசிச் சிரித்துவிட்டுப் போவார்கள். முகமே பார்க்காத பதினேழு பேருக்குத்தான் நாலு சுவரும் ஒரு கூரையும் கட்டாயம் வேண்டும்.

நாங்கள் மாடித் தோட்டம் போடுகிறவர்கள். கைப்பேசிக் குழு ஒன்றில் சில ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். விடியற்காலையில் கத்தரி இலைக்கு அடியில் மாவுப்பூச்சியைப் பார்த்த யாராவது படம் எடுத்துப் போடுவார்கள். காபி ஆறுவதற்குள் நாலு ஊர்களிலிருந்து பதில் வந்துவிடும். விதைகளைத் தபாலில் அனுப்பிக்கொள்கிறோம். சாதாரண உறையில் போட்ட அவரை விதை, முத்திரை விழுந்த இடத்தில் நசுங்கிப் பொடியாக வந்து சேர்ந்தது ஒரு முறை. அதிலிருந்து இரண்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து ஒட்டித்தான் அனுப்புகிறோம். என் மாடியில் காய்க்கும் சிறகவரை நாகர்கோவிலிலிருந்து வந்தது. அதை அனுப்பிய அக்காவின் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும், முகம் தெரியாது.

எல்லோருக்கும் நடுவில் இருக்கும் ஊர் என்று பார்த்தால் நான் இருக்கும் திருச்சிதான் வசதி. ஆனால் தை மாதத்தில் சிறுகிழங்கும் பனங்கிழங்கும் குவிகிற ஊரில்தான் கூட வேண்டும் என்று பாதிப் பேர் பிடிவாதமாக நின்றார்கள். எனக்கும் அது சரியென்று பட்டது. இது தைப்பட்டம் தொடங்கும் நேரம். இப்போது கை மாறுகிற விதை அடுத்த வாரமே மண்ணுக்குள் போய்விடும். ஆடிப்பட்டத்துக்கு வைத்திருந்தால் குற்றாலச் சாரலுக்கு வருகிற கூட்டத்தில் அறையே கிடைத்திருக்காது.

இடம் தேட வேண்டுமே என்று இருட்டிய பிறகு டவுன் பஸ்ஸில் ஏறினேன். சாதாரணக் கட்டணப் பஸ் என்பதால் பெண்களுக்கு டிக்கெட் பணம் இல்லை. ஈரடுக்கு மேம்பாலத்தைத் தாண்டும்போதே நடத்துநரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். 1973-ல் திறந்த பாலம் அது. மேலும் கீழுமாக இரண்டு சாலைகள். நடத்துநர் இரண்டு மண்டபங்களின் பெயரைச் சொன்னார். இரண்டிலும் கல்யாணம். தை பிறந்தால் இந்த ஊரில் மண்டபத்துக்கு ஓய்வே கிடையாது.

வாகையடி முக்கிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் ஒரு சிறிய மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தேன். நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி, நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்த மிளகாய்ப் பொடி, 40 ரூபாய். கல்லாவில் இருந்த ஆச்சிக்கு எழுபது வயதாவது இருக்கும். மூன்றாவது இட்லியில் நான் கை தளர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "இட்லி சரியில்லையா அம்மா?" என்று கேட்டார். மண்டபக் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மாடி. பாதிக்குத் தகரக் கொட்டகை, மீதி வெட்டவெளி. வடகம் காயப்போடும் கட்டில்கள் இரண்டு, எண்ணெய் டின்களில் கறிவேப்பிலைக் கன்றுகள், ஓர் ஓரத்தில் தூதுவளை. "மத்தியானச் சாப்பாடு இங்கேதான் என்றால் மாடிக்கு வாடகை வேண்டாம். எத்தனை இலை போட வேண்டும் என்று மட்டும் சொல்" என்றார். இரண்டு நிபந்தனைகள்: செருப்பைக் கீழேயே விட வேண்டும், மேற்குக் கைப்பிடிச் சுவரில் யாரும் சாயக் கூடாது. ஓர் இலைக்கு 120 ரூபாய் என்று பேசி ஆயிரம் ரூபாய் கொடுத்தேன். மாடித் தோட்டக்காரர்களுக்கு அந்தக் கூடத்தைவிட இது எத்தனையோ மடங்கு பொருத்தம். லாட்ஜுக்குத் திரும்பும்போது கால் வலிக்கிறது, மனது லேசாக இருக்கிறது.

ஜனவரி 24, வெள்ளி

அதிகாலையில் நயினார்குளம் காய்கறி மார்க்கெட். லாரிகளிலிருந்து மூட்டைகள் இறங்குகிற இடத்தில் நிற்கவே இடம் இல்லை. ஆனாலும் ஒருவரும் எரிந்து விழவில்லை. "அக்கா, கொஞ்சம் தள்ளி" என்று தோளில் மூட்டையோடு வருகிறவர் சொல்கிற விதத்தில் ஒரு பணிவு இருக்கிறது. பனங்கிழங்கு கட்டுக் கட்டாகக் கிடந்தது. பனங்கொட்டையை மணல் பாத்தியில் அடுக்கி முளைக்கவிட்டு, சில மாதங்கள் கழித்துத் தோண்டி எடுப்பது. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தால் போதும்.

சிறுகிழங்குதான் எனக்கு முக்கியம். கிலோ 70 ரூபாய் சொன்னார்கள். ஐந்து கிலோ வாங்கினேன். விற்ற அம்மா, எதற்கு இத்தனை என்று கேட்டுவிட்டு, "பெரியதாகப் பொறுக்காதே, மாவாக இருக்காது" என்று தானே பொறுக்கிப் போட்டார். மாடியில் நடுவதற்கு என்றதும் தனியாக ஒரு பிடி எடுத்துத் தாளில் மடித்துக் கொடுத்தார். நேராகக் குழியில் போட்டுவிடக் கூடாதாம். முதலில் நாற்றுப் பாத்தியில் முளைக்கவிட்டு, கொடி ஓடியதும் நுனியைக் கிள்ளி நட வேண்டும். அப்படி நட்டால்தான் மார்கழி, தையில் தோண்ட முடியும். இதைச் சொல்வதற்காக எடை போடுவதையே நிறுத்திவிட்டார். பின்னால் நின்றவர்களும் பொறுமையாகக் கேட்டார்கள்.

ஐந்து கிலோ எதற்கு என்றால், நாளைய முதல் ஒரு மணி நேரத்துக்கு. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், தொழில் சொல்கிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. எழுத்தில் பழகியவர்களுக்கு அந்த வட்டம் ஒரு பரீட்சை. கையில் வேலை இருந்தால் நாக்கு தானாக அவிழும். சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோல் நீக்குவது நாலு கைகள் சேர்ந்து செய்கிற வேலை. ஆகையால் அறிமுகம் கிடையாது, கிழங்குதான் என்று குழுவில் எழுதிவிட்டேன். கோவைத் தம்பி மட்டும், "அதற்குப் பதிலாகக் கிருஷ்ணாபுரம் சிற்பங்களைப் பார்த்துவிடலாமே" என்று கேட்டார். கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் சிற்பங்கள் எங்கேயும் போய்விடாது. எங்களுக்கு இருப்பது இரண்டே பகல்கள்.

பிறகு நாளைய வழியை ஒரு முறை நடந்து பார்த்தேன், மெதுவாக. வருகிறவர்களில் மூத்தவருக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. மெஸ்ஸிலிருந்து நெல்லையப்பர் கோயில் வாசல் வரை எங்கே நிழல், எங்கே உட்காரத் திண்ணை, எங்கே சுத்தமான கழிப்பறை என்று குறித்துக்கொண்டேன். கழிப்பறை எங்கே என்று தெரியாமல் பெண்களை ஊர் சுற்ற அழைப்பது தவறு. பல கூடுகைகளுக்குப் பெண்கள் வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை ஏற்பாடு செய்கிறவர்கள் யோசிப்பதே இல்லை. கோயில் மதியம் நடை சாத்தி நாலு மணிக்கு மேல்தான் திறக்கிறார்கள். டவுனில் பேர் பெற்ற இருட்டுக்கடையில் அல்வா வியாபாரமும் மாலையில்தான். இந்த ஊரே மத்தியானத்தை ஓய்வுக்கு என்று ஒதுக்கியிருக்கும்போது நாம் மட்டும் ஏன் அலைய வேண்டும்? இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை திட்டத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டேன்.

காலையில் ஸ்வெட்டர் தேடவைத்த பனி, பதினொரு மணிக்கெல்லாம் சுள்ளென்ற வெயிலாகிவிட்டது. நன்னாரி சர்பத் 25 ரூபாய். இரண்டு குடித்தேன்.

மாலை ஐந்தரைக்கு நாகர்கோவில் அக்கா வந்து இறங்கினார். என் சிறகவரையின் தாய் வீடு! இருவரும் ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பையை அறையில் வைத்துவிட்டு சுலோசன முதலியார் பாலத்தில் நடந்தோம். தாமிரபரணியின் குறுக்கே, பாளையங்கோட்டைப் பக்கத்தையும் நெல்லைப் பக்கத்தையும் இணைக்கத் தன் சொந்தப் பணத்தைப் போட்டு அவர் கட்டிக் கொடுத்த பாலம்; 1843-ல் திறந்தது. கீழே ஆறு நிறையவே ஓடியது. கரையோரம் ஆகாயத்தாமரை படர்ந்திருந்ததைப் பார்த்து அக்கா முகம் சுளித்தார். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிற ஆற்றுக்கு, அதைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பையும் வேறு மாநிலத்தின் மேல் போட முடியாது என்றார். அந்தக் குரலை அவர் குழுவில் எழுதும் வரிகளில் நான் பல முறை கேட்டிருக்கிறேன்.

இரவு எட்டு மணிக்குக் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்லூரி மாணவி ஒருத்தி வந்தாள். பூச்சி, நோய் பற்றி எங்கள் குழுவில் மிகத் திருத்தமாக எழுதுகிறவள். நாங்கள் நினைத்திருந்ததைவிடச் சின்னப் பெண். கூடவே அவள் அப்பா. அரசுப் பஸ் நடத்துநராம். இரண்டு நாள் விடுப்பு எடுத்து வந்திருக்கிறார். "தவறாக நினைக்க வேண்டாம் அம்மா. கைப்பேசியில் பழக்கம் என்றாள். யார், என்ன என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதி" என்றார். தவறாக நினைக்க இதில் என்ன இருக்கிறது! மகளைத் தடுக்காமல் கூட்டிக்கொண்டு வந்த மனிதர். அவருக்கும் ஓர் இலை சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 25, சனி

பெயர் கொடுத்தவர்களில் மூன்று பேர் வரவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. மூன்றாமவர் கைப்பேசியை அணைத்துவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கடைசி நேரத்தில் பயம் வந்திருக்கும். அடுத்த முறை வருவார் என்று நம்புகிறேன்.

சென்னைக்காரர்கள் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து குளித்துவிட்டு ஒன்பதரைக்கு மாடி ஏறினார்கள். நடுவில் சாக்கு, ஒரு பெரிய தேக்சா தண்ணீர், ஊறவைத்த கிழங்கு. சாக்கின் ஒரு முனையை மதுரை அண்ணன் பிடிக்க, மறுமுனையை யாரோ பிடிக்க, கிழங்கு கடகடவென்று உருண்டது. கால் மணி நேரத்தில் எல்லோர் விரலும் கறுத்துவிட்டது. கறை போகாது என்று தெரிந்ததும் ஒரே சிரிப்பு. யார் யார் என்று யாரும் கேட்கவில்லை. "நீங்கள்தானே அந்தத் தக்காளி?" "வெண்டைக்குச் சாம்பல் தூவச் சொன்னது நீங்களா?" என்று தானாகவே தெரிந்துகொண்டோம். மாணவியின் அப்பா ஒதுங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். ஆச்சி மேலே வந்து பார்த்துவிட்டு, "ஆம்பளை சும்மா இருந்தால் கிழங்கு தோல் உரியாது" என்று அவர் கையில் ஒரு கத்தியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவரும் வட்டத்துக்குள் வந்துவிட்டார்.

புதுச்சேரியிலிருந்து வந்தவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். மண் வளம் பற்றி அவர் எழுதும் நீண்ட பதில்களை நாங்கள் சேர்த்து வைத்திருக்கிறோம். நேரில் அவருக்குப் பேச்சு திக்குகிறது. முதல் சொல்லே வெகுநேரம் நின்றது. காலை முழுவதும் கிழங்கைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டு இருந்தார்; யாரும் அவரைப் பேசச் சொல்லி இழுக்கவும் இல்லை. விதை உறைகளைத் திறந்தபோதுதான் அவர் பேசினார். அவரை விதைகளைச் செம்மண் குழம்பில் புரட்டி நிழலில் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார். அப்படிச் செய்தால் வண்டு துளைக்காது. ஒரு விதையை எடுத்து நகத்தால் சுரண்டி உள்ளே காட்டினார். திக்கினாலும் நிறுத்தவில்லை. பத்து நிமிடம் பேசினார். குறுக்கே ஒருவரும் வாக்கியத்தை முடித்துக் கொடுக்கவில்லை. இந்தப் பயணத்தில் நான் கண்ட மரியாதைகளில் இதை முதலாவதாக வைப்பேன். ஓர் அறிமுக வட்டம் போட்டு அவரை எழுந்து நிற்கவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் வரவில்லை.

விதை மாற்றத்துக்கு ஒரே விதி: உறையின் மேல் பெயர், அறுத்த மாதம், தாய்ச் செடி எங்கிருந்து வந்தது ஆகிய மூன்றும் எழுதியிருக்க வேண்டும். மூக்குத்தி அவரை, மிதி பாகல், காந்தாரி மிளகாய், தம்பட்டை அவரை, சாணத்தில் பூசிக் காயவைத்த பூசணி விதை என்று கட்டில் நிறைந்தது. குடுவைச் சுரை பற்றித்தான் பெரிய வாக்குவாதம். சென்னையிலிருந்து போன விதை மதுரையில் நீளச் சுரையாகக் காய்த்துவிட்டதாம். பக்கத்து வீட்டு நீளச் சுரையின் மகரந்தத்தைப் பூச்சி கொண்டுவந்திருக்கும் என்று கோவைத் தம்பி விளக்கினார். சுரைப் பூ மாலையில் மலர்வது. அதனால் அன்று பகலிலேயே மொட்டைத் துணியால் கட்டிவிட வேண்டும். மலர்ந்ததும் அதே செடியின் ஆண் பூவை எடுத்துக் கையால் தடவி, மறுபடி கட்டிவிட்டால் குணம் மாறாது. மதுரை அண்ணனுக்கு அதில் முழுச் சமாதானம் இல்லை. விதையைப் பொறுக்கும்போதே கலந்துவிட்டது என்பது அவர் கட்சி.

சாப்பாடு. ஆச்சி சொதி வைத்திருந்தார். திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற விருந்து இது. தேங்காயை மூன்று முறை பிழிந்து, இரண்டாம் மூன்றாம் பாலில் முருங்கை, உருளை, பீன்ஸ், பட்டாணி வேகவைத்து, பாசிப்பருப்பு சேர்த்து, கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி இறக்கி எலுமிச்சை பிழிவார்கள். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. தேங்காய்ப்பால் மந்தம் என்பதால் இஞ்சி இல்லாமல் சொதியைப் பரிமாறவே மாட்டாராம். நாங்கள் தோல் நீக்கிய சிறுகிழங்கு, மிளகும் தேங்காய் எண்ணெயும் மணக்கப் பொரியலாக வந்தது. மண் வாசனை போகாத, மாவு மாவான அந்தக் கிழங்கை நான் மூன்று தடவை வாங்கினேன். 120 ரூபாய்க்கு இந்த இலை! ஆச்சி எங்களோடு உட்கார மறுத்துவிட்டார். எல்லோரும் எழுந்த பிறகு தனியாகச் சாப்பிட்டார்.

இரண்டு மணி முதல் நாலு மணி வரை சிலர் தூங்கினார்கள். சிலர் தூங்குகிறவர்களுக்கு நடுவே மெதுவாகப் பேசினார்கள். கணவர் இறந்த பிறகுதான் மாடிக்கு முதல் தொட்டி வாங்கினேன் என்று அந்த 68 வயது அம்மா சொன்னது அந்த நேரத்தில்தான். கிருஷ்ணாபுரம் போயிருந்தால் அது சொல்லப்பட்டிருக்காது. இதைக் கோவைத் தம்பியே பிறகு என்னிடம் வந்து சொன்னார்.

நாலரைக்குக் கோயில். சுவாமி சந்நிதியையும் காந்திமதி அம்மன் சந்நிதியையும் இணைக்கிற சங்கிலி மண்டபம் 1647-ல் வடமலையப்ப பிள்ளையன் கட்டியது. நீளமான நிழல், முழங்கால் வலிக்காரருக்கு ஏற்ற சமதளம். மணிமண்டபத்தில் ஒரே கல்லில் நடுவே பெரிய தூணும் சுற்றிலும் சிறு தூண்களுமாகச் செதுக்கிய இசைத் தூண்களைப் பார்த்தோம். எங்கள் கூட்டம் அதிக நேரம் நின்றது தலமரமான மூங்கிலின் பக்கம்தான். உலரப்போட்ட நெல்லை மழை நனைக்காமல் இறைவன் வேலியிட்டுக் காத்தார் என்ற கதையை அங்கே ஒரு பெரியவர் தானாக வந்து சொன்னார். தைப்பூசத் திருவிழாவின் போது அதை நடத்திக் காட்டுவார்களாம். நெல்லைக் காயவைத்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்பது என்ன பாடு என்று விதை காயவைக்கிற எங்களுக்குத் தெரியும்.

அல்வாவுக்கு வரிசை நீளம். இருட்டுக்கடைப் பக்கம் அரை மணி நேரம் நின்றோம், யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. சம்பா கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த அந்தச் சூடு, விரலில் இருந்த கிழங்குக் கறையையும் மினுங்கவைத்தது. எங்களுக்கு முன்னால் நின்ற உள்ளூர்க்காரர், "அண்ணாச்சி, வெளியூர் போல. முதலில் நீங்கள் வாங்குங்கள்" என்று மதுரை அண்ணனை முன்னால் விட்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

பறவைகளைப் பார்க்கக் கூந்தன்குளம் போக ஐந்தரைக்கு வர வேண்டிய வேன் ஆறேகால் வரை வரவில்லை. பிறகு அழைப்பை எடுப்பதும் நின்றுவிட்டது. தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். லாட்ஜ் வாசலில் போர்த்திக்கொண்டு நிற்கும்போது எலும்பையே துளைத்தது. பாதி முன்பணம் போயிற்று. எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

மாணவியின் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார். இருபது நிமிடத்தில் அழைத்தார். டைம் கீப்பரிடம் விசாரித்தாயிற்று, மூலைக்கரைப்பட்டிப் பஸ் நிற்கிறது, எல்லோரும் வாருங்கள். போனபோது, அந்தப் பஸ் நடத்துநரிடம் சொல்லி, முழங்கால் வலிக்கார அம்மாவுக்கு முன் இருக்கையைப் பிடித்து வைத்திருந்தார். தொழில் தெரிந்தவரின் கையில் விஷயம் போனால் எத்தனை சுலபமாகிவிடுகிறது! மூலைக்கரைப்பட்டியில் இஞ்சி தட்டிப் போட்ட டீ, 12 ரூபாய். டீக்கடைக்காரரே மூன்று ஆட்டோக்களைக் கூப்பிட்டு, கூடுதலாகக் கேட்டுவிடாமல் வாடகையையும் அவரே பேசிவிட்டார்.

கூந்தன்குளம் நெல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள். மணிமுத்தாறு அணைத் தண்ணீர் வந்து நிறையும் குளம். 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்க்கிறார்கள். வீட்டு மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டுகிறது. கீழே திண்ணையில் பாட்டி வெங்காயம் உரிக்கிறார். தண்ணீரில் வரித்தலை வாத்துகள் கூட்டமாக நின்றன. இமயமலையைத் தாண்டி வருகிற பறவை.

நாங்கள் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பறவைகளின் எச்சம் விழுந்து ஊறிய குளத்து மண்ணையும் நீரையும் இந்த ஊர் வயல்கள் உரமாக எடுத்துக்கொள்கின்றன. அதைப் பற்றிப் புதுச்சேரிக்காரர் ஒரு விவசாயியிடம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கைப்பிடி மண் எடுத்துப் போகலாமா என்று சென்னைத் தோழி ஒருத்தி ஆசைப்பட்டாள். இது சரணாலயம், எடுக்கக் கூடாது என்று மாணவி தீர்மானமாகச் சொன்னாள். அவள் சொன்னதே சரி.

திரும்பும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி முடித்திருந்தார்கள். ஓடி வந்த பிள்ளைகள் ஆட்டோவுக்குள் கையை நீட்டி எங்களுக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மெஸ்ஸில் கடைசிச் சாப்பாடு: உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், அவியல். பதினான்கு பேரும் ஆளுக்கொரு விதை உறையை ஆச்சியிடம் கொடுத்தோம். அவர் உறைகளை வாங்கி, மேலே எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகப் பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மிதி பாகலையும் தூதுவளைக்குப் பக்கத்தில் வைக்க மூக்குத்தி அவரையையும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இடம் இல்லாமல் வாங்கி வைத்து முளைக்காமல் போனால் பாவமாம்.

புறப்படும்போது மாணவியின் அப்பா எல்லோருடைய எண்ணையும் ஒரு சிறு நோட்டில் எழுதிக்கொண்டார். "அடுத்த தடவை எந்த ஊர் என்றாலும் பஸ் விவரத்தை என்னிடம் கேளுங்கள்" என்றார்.

ஜனவரி 27, திங்கள்

வீடு வந்தாயிற்று. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. விரல் கறை இன்னும் போகவில்லை.

கணக்கைக் குழுவில் போட்டுவிட்டேன். அறை வாடகையும் அவரவர் பயணச் செலவும் நீங்கலாக, சாப்பாடு, கிழங்கு, பஸ், ஆட்டோ, வேனுக்குப் போன முன்பணம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 560 ரூபாய். வராத மூவரிடம் எதுவும் கேட்பதில்லை என்று முடிவு செய்தோம். கைப்பேசியை அணைத்தவர் இன்று காலை மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதியிருந்தார். அவருக்குரிய உறைகளை நாகர்கோவில் அக்கா எடுத்து வைத்திருக்கிறார், தபாலில் போய்விடும்.

அடுத்தது ஆடிப்பட்டத்துக்கு முன்பு. கும்பகோணம் என்று ஒரு கட்சி, காரைக்குடி என்று ஒரு கட்சி. எந்த ஊராக இருந்தாலும் மத்தியானம் இரண்டு மணி நேரத்தை யாரும் தொடக் கூடாது என்று நான் எழுதிவிட்டேன். ஆனி மாதத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து செய்ய என்ன காய் கிடைக்கும் என்று மதுரை அண்ணன் கேட்டிருக்கிறார். சுண்டைக்காய் என்று ஒருவர், பலாக்கொட்டை என்று இன்னொருவர். எனக்குப் பலாக்கொட்டைதான் பிடித்திருக்கிறது.